மடக்குக் கத்தியின் நைலான் கைப்பிடிக்குச் சாயமேற்றுதல்: முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்தியின் கைப்பிடி நிறத்தை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் எந்த முறையில் மாற்றுவது என்பதைக் கைப்பிடி எந்தப் பொருளால் ஆனது என்பதே முடிவு செய்கிறது. கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆன கைப்பிடிக்கு வெந்நீரில் சாயமேற்றும் முறையை மட்டுமே இந்த வழிகாட்டி விளக்குகிறது. பெயிண்ட் அடித்தால் அது மேற்பரப்பில் ஒரு படலமாக நின்று, சட்டைப்பையில் உரசி உரசிச் சில வாரங்களில் உரிந்துவிடும்; சாயமோ நைலானுக்குள் நுழைந்து அங்கேயே பிணைந்துகொள்கிறது.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சாயப் பொடி வாங்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள். திட்டுத் திட்டான கைப்பிடி, ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பக்கங்கள், எதிர்பாராத நிறம் என அவர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சாய நீரில் இறக்குவதற்கு முந்தைய படிகளில் இருக்கிறது. எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. கைப்பிடி நைலான்தானா என்று உறுதி செய்தல்

தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் எஃப்ஆர்என், ஜிஎஃப்என், ஜிஆர்என், கிரிவரி, ஸைடெல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் உங்கள் கைப்பிடி நைலான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் டெலிகா, என்டியூரா கத்தி வகைகளும், பெஞ்ச்மேட் நிறுவனத்தின் பக்அவுட் கத்தியின் வழக்கமான வடிவமும் இப்படிப்பட்டவை. ஒரே பெயருடைய கத்தி பல கைப்பிடிகளோடு விற்கப்படுவதால், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் உங்களிடம் உள்ள மாதிரியின் குறிப்பைப் படியுங்கள்.

மற்றக் கைப்பிடிப் பொருள்களுக்கு இந்த முறை பொருந்தாது. ஜி10 என்பது எபாக்ஸிப் பிசினில் ஊறவைத்து அழுத்திய கண்ணாடித் துணி. வெளிர் நிற ஜி10 ஓரளவு சாயம் பிடிக்கும் என்றாலும் நைலானைப்போலச் சீராகப் பிடிக்காது. டைட்டானியக் கைப்பிடியில் மின்னழுத்தம் கொடுத்து ஆக்சைடு படலத்தின் தடிமனை மாற்றுவதால் நிறம் வருகிறது. அது முற்றிலும் வேறு வேலை. விக்டோரிநாக்ஸின் பளபளப்பான சிவப்புத் தகடுகள் செல்லிடார் என்ற செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். அவற்றைக் கொதிநிலைக்கு அருகிலுள்ள நீரில் போட்டால் உருக்குலையக்கூடும். ஒபினெல் போன்ற மரக் கைப்பிடிகளுக்கும் இந்த முறை கூடாது. வெந்நீரில் மரம் உப்பி, கத்தி அலகு மடங்காமல் சிக்கிக்கொள்ளும்.

2. எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குப் போகலாம்

சாயம் இருக்கும் நிறத்தின் மேல் கூடுகிறதே தவிர, அதை மறைப்பதில்லை. ஆகவே நிறத்தை எப்போதும் அடர்த்தியாக்கத்தான் முடியும். கறுப்புக் கைப்பிடியை எந்தச் சாயமும் மாற்றாது.

வெள்ளை, வெளிர் சாம்பல், மணல் நிறம், மஞ்சள் ஆகியவையே நல்ல தொடக்கங்கள். வெள்ளையில் சாயப் பொட்டலத்தில் உள்ள நிறம் ஏறத்தாழ அப்படியே வரும். மஞ்சளில் நீலம் போட்டால் பச்சையும், சிவப்பு போட்டால் ஆரஞ்சும் கிடைக்கும். நீலத்தில் சிவப்பு போட்டால் கத்தரிப்பூ நிறம் வரும். ஆரஞ்சில் நீலம் போட்டால் பழுப்பாகிவிடும். நீலம் வேண்டும் என்று நினைத்து இதைச் செய்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சாம்பலில் எதைப் போட்டாலும் சற்று மங்கலாகவே தெரியும். எனக்கு அந்த அடங்கிய நிறங்களே மிகவும் பிடிக்கும், அவற்றில் சிறு திட்டுகளும் கண்ணில் படுவதில்லை.

கறுப்பாக்குவது எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கறுப்புச் சாயம் பெரும்பாலும் பல சாயங்களின் கலவை; அவை வெவ்வேறு வேகத்தில் ஏறுவதால் வெள்ளைக் கைப்பிடி முதலில் ஊதாவாகவோ கருநீலமாகவோ மாறி நெடுநேரம் அங்கேயே நிற்கும். கறுப்பு வேண்டுமென்றால் மற்ற நிறங்களைவிட இரண்டு மடங்கு சாயமும் ஒரு மணி நேரப் பொறுமையும் தேவை.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

முதலில் சாயம். நைலானுக்கு ஏற்றது ஆசிட் சாயம். பட்டு நூலுக்குப் போடுவதும் இதே வகைதான். ஆகவே பட்டு நூல் சாயம் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தை வாங்கிவிடாதீர்கள். அது சோடா உப்பின் காரத்தில் பருத்தியோடு பிணைவதற்காகச் செய்யப்பட்டது. அமிலம் கலந்த நீரில் நைலானின் அமீன் முனைகள் நேர்மின்சுமை பெறுகின்றன. எதிர்மின்சுமை கொண்ட ஆசிட் சாயத்தின் மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. வினிகர் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். சாயத்தை நிலைநிறுத்தக் கல்லுப்பு போடுவது பருத்திச் சாயமேற்றலின் பழக்கம், இங்கே அது தேவையில்லை.

இரண்டாவது, எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. கைப்பிடித் தகடு (கைப்பிடியின் ஒரு பக்கத் துண்டு) நிமிர்ந்து தொங்கினாலும் முழுவதும் மூழ்கும் ஆழம் அதற்கு வேண்டும். அலுமினியப் பாத்திரம் அமிலத்தோடு வினைபுரியும் என்பதால் தவிர்க்கவும். இந்தப் பாத்திரத்தையும் கரண்டியையும் பின்னர் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வேறு தேவைகள்: 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, வெள்ளை வினிகர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கி, ரப்பர் கையுறை, மெல்லிய எவர்சில்வர் கம்பி, நிறத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பொட்டலம் வெள்ளை கேபிள் டை (கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை). தண்ணீர் ஆர்.ஓ. நீராக இருக்கட்டும், ஆழ்துளைக் கிணற்று நீரின் கால்சியமும் மக்னீசியமும் சாயம் சீராக ஏறுவதைக் கெடுக்கும்.

பிரிப்பதற்கு டார்க்ஸ் எனப்படும் ஆறுமுனை நட்சத்திர வடிவத் திருப்புளிகள் வேண்டும்; அவற்றின் அளவு டி6, டி8 என்று குறிக்கப்படும். பக்அவுட்டில் உடல் திருகுகளுக்கு டி6, அலகு சுழலும் அச்சுத் திருகுக்கு டி10; வேறு கத்திகளில் டி8 அளவும் வரும். மலிவான திருப்புளியின் முனை சற்றுச் சிறியதாக இருந்தாலே போதும், டி6 திருகின் தலை மழுங்கிவிடும். இந்த வேலையில் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன்.

4. கத்தியைப் பிரித்தல்

பிரித்தால் உத்தரவாதம் போகுமா என்று தயாரிப்பாளரின் விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தகடுகள் ஆணி அறைந்து பொருத்தப்பட்டிருந்தால் அந்தக் கத்தியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கத்தியை விரித்து, அலகின் கூர் விளிம்பை மாஸ்கிங் டேப் எனப்படும் காகித ஒட்டுநாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிரிக்கும்போது கவனம் சிறு திருகுகளின் மேல் இருக்கும். கை எங்கே போகிறது என்று தெரியாது. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசையிலேயே திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள். ஏறத்தாழ ஒரே நீளமாகத் தெரியும் திருகுகள் உண்மையில் வெவ்வேறு நீளமுடையவையாக இருப்பதுண்டு.

திருகு அசையவில்லையென்றால் அழுத்தித் திருகாதீர்கள். தயாரிப்பாளர்கள் மரையில் லாக்டைட் போன்ற பூட்டுப் பசை இட்டிருப்பார்கள். சூடு பட்டால் அது தளரும். வெந்நீரையோ வெப்பக் காற்றுத் துப்பாக்கியையோ பயன்படுத்தினால் நைலானும் சேர்ந்து சூடாகும். பற்றவைப்புக் கோலின் (சால்டரிங் அயர்ன்) சூடான நுனியைத் திருகின் தலையில் மட்டும் சில நொடிகள் வைத்தெடுத்து, உடனே திருப்பிப் பாருங்கள்.

சட்டைப்பையில் மாட்டும் கிளிப், எஃகு உள்தகடு, வாஷர், ஸ்பிரிங், நாடாத் துளையின் குழாய் என்று கழற்ற முடிந்த உலோகம் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். வெந்நீரும் வினிகரும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும்; அந்தத் துரு கைப்பிடியிலும் கறையாக இறங்கும். ஆக்ஸிஸ் பூட்டு (அலகை ஒரு குறுக்குக் கம்பியால் பிடித்து நிறுத்தும் பெஞ்ச்மேடின் பூட்டு) உள்ள கத்தியில் இரண்டு சிறிய ஒமேகா வடிவ ஸ்பிரிங்குகள் இருக்கும். அவை எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பதைப் படமெடுக்காமல் வெளியே எடுக்க வேண்டாம்.

5. எண்ணெய்ப் பசையை நீக்குதல்

சாயம் திட்டுத் திட்டாக ஏறுவதற்கு முதல் காரணம் எண்ணெய்தான். கத்திக்கு இட்ட மசகு எண்ணெயும் கைவியர்வையும் நைலானின் சொரசொரப்பான பள்ளங்களில் தங்கி, சாய நீரை அங்கே அண்டவிடாது.

தகடுகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பல் துலக்கியால் நன்றாகத் தேய்த்து அலசுங்கள். பிறகு ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வராத வரை இதைத் தொடருங்கள். அச்சுத் துளையைச் சுற்றியுள்ள பகுதியை மறக்காதீர்கள், எண்ணெய் அதிகம் சேர்வது அங்கேதான். இதற்குப் பிறகு தகடுகளை வெறும் கையால் தொடக் கூடாது. விரல் ரேகை ஒன்று பதிந்தாலும் அது நிறத்தில் தெரியும்.

மேற்பரப்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் எண்ணமிருந்தால் அதை இந்தக் கட்டத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். சாயம் மிக மெல்லிய ஆழத்துக்கே செல்வதால், சாயமேற்றிய பின் உப்புத்தாள் போட்டால் அடியில் உள்ள பழைய நிறம் வெளியே வந்துவிடும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்த்து, முகக்கவசம் அணியுங்கள். பறப்பது வெறும் பிளாஸ்டிக் தூள் அல்ல, கண்ணாடி இழையும் அதில் உண்டு.

6. சாய நீரைத் தயாரித்தலும் சோதித்தலும்

ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி ஆசிட் சாயப் பொடி போதுமானது. பொடியை அளக்கும்போது முகக்கவசம் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இந்தப் பொடி காற்றில் மிக எளிதாக எழும். பொடியை நேராகப் பாத்திரத்தில் கொட்டாமல், சிறிய கிண்ணத்தில் கொதிநீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். கரையாத ஒரு துகள் தகட்டில் ஒட்டினால் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும். அதைப் பிறகு எடுக்க வழியில்லை.

இரண்டு சொட்டு பாத்திர சோப்பைச் சேருங்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, பள்ளங்களில் காற்றுக் குமிழ்கள் தங்காமல் இருக்க இது உதவும். நீரை மெல்ல 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வினிகரை இப்போது ஊற்ற வேண்டாம்.

கேபிள் டைகள் பெரும்பாலும் நைலான் 66 என்ற நைலான் வகையில் செய்யப்படுகின்றன. எனவே கைப்பிடியின் மேல் கைவைப்பதற்கு முன் அதே குடும்பப் பொருளில் சோதித்துப் பார்க்கும் வசதி சில ரூபாயில் கிடைத்துவிடுகிறது. சாய நீரிலிருந்து ஒரு தம்ளர் தனியே எடுத்துச் சூட்டைக் காத்து, அதில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு, நான்கைந்து கேபிள் டைகளைப் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து, அலசி, நேரத்தை எழுதிய தாளில் ஒட்டுங்கள். அந்தத் தாள் உங்கள் நிற அளவுகோலாகிவிடும். கைப்பிடியில் கண்ணாடி இழை கலந்திருப்பதாலும், இழை சாயம் பிடிக்காது என்பதாலும், கைப்பிடியின் நிறம் இதிலிருந்து சற்று மாறுபடும்; ஆனாலும் சாயம் எந்தச் சாயலுக்குச் செல்கிறது, எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பது தெரிந்துவிடும். கைப்பிடி வெள்ளையாக இல்லையென்றால், அதன் நிறத்துக்கு நெருக்கமான நிறக் கேபிள் டையைத் தேடி எடுத்து அதில் சோதிப்பது நல்லது.

7. சாயமேற்றுதல்

இரண்டு தகடுகளின் அச்சுத் துளைகளிலும் எவர்சில்வர் கம்பியைக் கோத்து, ஒரே குச்சியில் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்குவதுதான் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு நிறமாவதற்குக் காரணம்: முதல் தகடு சாயத்தில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுவதால் இரண்டாவதற்குக் கிடைப்பது வேறு நீர். கிளிப்பின் இடத்தை மூடும் சிறிய நைலான் துண்டோ, பின்புற இடைத்தகடோ இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துக் கட்டுங்கள்.

முதலில் வெறும் வெந்நீரில் தகடுகளைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். உலர்ந்த தகட்டைச் சாயத்தில் இறக்கினால் முதலில் நனைந்த இடம் முந்திக்கொண்டு நிறம் பிடிக்கும்.

பிறகு சாய நீரில் முழுவதும் மூழ்கும்படி இறக்கி, நீரை 80 முதல் 90 டிகிரிக்குள் வைத்திருங்கள். சூடு குறைவாக இருந்தால் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் சாயத்துக்குப் போதிய வழிவிடாது. தளதளவென்று கொதித்தால் தகடுகள் பாத்திரத்தில் மோதும், மெல்லிய தகடு வளையவும் கூடும். பாத்திரத்தின் அடிப்பகுதி நீரைவிடச் சூடானது, ஆகவே தகடு அதன்மேல் படுக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை குச்சியை அசைத்துக் குமிழ்களை விரட்டுங்கள்.

ஐந்து நிமிடம் கழித்துத் தகடுகளை வெளியே தூக்கிப் பிடித்தபடி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு தகடுகளை இறக்குங்கள். இன்னும் பத்து நிமிடம் சென்றதும் இதேபோல் இன்னொரு மேசைக்கரண்டி. அமிலத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் சாயம் வேகமாகப் பாய்ந்து முதலில் கண்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறது. அமிலமில்லாத நீரில் முதலில் பரவ விட்டு, பிறகு அமிலத்தைப் படிப்படியாகக் கூட்டினால் நிறம் சீராக அமைகிறது. தகடுகள் உள்ளே இருக்கும்போது அவற்றின் மேலேயே வினிகரை ஊற்றுவது, நான் புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. ஊற்றிய இடம் கறுத்துக் கோடாகத் தெரியும்.

வெளிர் நிறங்களுக்குப் பத்து நிமிடம், நடுத்தர நிறங்களுக்கு 20 முதல் 30 நிமிடம், அடர்ந்த நிறங்களுக்கு 45 நிமிடத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். தகட்டைத் தூக்கி, வெந்நீரில் ஒருமுறை முக்கி, சன்னல் அருகே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேலே வழியும் சாய நீரோடு பார்த்தால் அது எப்போதும் உண்மையைவிட அடர்த்தியாகவே தெரியும். ஈரத்தில் சற்று அடர்த்தியாகத் தெரிவதும் இயல்பே, உலர்ந்தால் ஒரு படி வெளிறும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே நிறுத்துங்கள். குறைந்ததைப் பிறகு கூட்டலாம், கூடியதைக் குறைப்பது கடினம்.

8. அலசி உலர்த்துதல்

அடுப்பை அணைத்து, வேண்டிய நிறம் வந்துவிட்ட தகடுகளை முதலில் வெந்நீரிலும், பிறகு வெதுவெதுப்பான நீரிலும், கடைசியாகக் குளிர்ந்த நீரிலும் அலசுங்கள். சூடான தகட்டை நேராகக் குழாய் நீரில் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி வளைய வாய்ப்புண்டு. அலசும் நீர் நிறமின்றி ஓடும் வரை தொடர்ந்து, சோப்பு நீரில் ஒருமுறை கழுவுங்கள். தகட்டில் அழுத்திப் பதிக்கப்பட்ட உலோக மரைகள் இருந்தால், ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்த நீரில் முக்கி அமிலத்தைப் போக்கி, உலர்ந்ததும் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இப்போது ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் மேற்பரப்பில் பிணையாத சாயம் இன்னும் இருக்கிறது. மீண்டும் கழுவ வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத கைப்பிடி, வியர்வை பட்டதும் சட்டைப்பையில் கறையை ஏற்படுத்தும்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு முழு நாள் உலரவிடுங்கள். நைலான் தண்ணீரைக் குடிக்கும் பொருள். கண்ணாடி இழை கலக்காத நைலான் 66 நீரில் ஊறி நிறைவடையும்போது அதன் எடையில் 8 சதவீதத்துக்கும் மேல் நீரை ஏற்கும். இழை கலந்த கைப்பிடி அந்த அளவுக்கு ஏற்காது என்றாலும், ஊறிய தகடு சற்றே உப்பியிருக்கும். அன்றே பூட்டியவர்கள் திருகுத் துளைகள் பொருந்தவில்லை, அலகு இறுக்கமாகச் சுழல்கிறது என்று கலங்கி, மறுநாள் தானாகச் சரியாவதைப் பார்த்திருக்கிறார்கள்.

9. மீண்டும் பூட்டுதல்

எடுத்து வைத்த படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பாருங்கள். வாஷர்களைத் துடைத்து மெல்லிய மசகு இட்டு வையுங்கள். எல்லாத் திருகுகளையும் முதலில் விரலால் பாதியளவு மட்டும் செலுத்தி, எல்லாம் நேராகப் பிடித்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால் தகடு சாய்ந்து, அலகு மடங்கும்போது ஒரு பக்கத்தில் உரசும்.

அச்சுத் திருகைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள்: அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது, ஆனால் தடையின்றி மடங்க வேண்டும். பூட்டுப் பசை வேண்டுமென்றால் நீல வகையை, மரையில் ஊசிமுனையளவு மட்டும் இடுங்கள். அது வாஷருக்கு வழிந்தால் அலகே ஒட்டிக்கொள்ளும். கத்தியின் பூட்டு முழுவதும் விழுகிறதா என்று கூர் விளிம்பின் நாடாவை எடுப்பதற்கு முன்பே பலமுறை சோதித்துவிடுங்கள்.

10. நிறம் சரியாக வராதபோது

திட்டுகள் விழுந்திருந்தால் மீண்டும் எண்ணெய் நீக்கி, அதே சாயத்தில் இன்னும் அடர்ந்த நிறத்துக்குக் கொண்டுசெல்வதே நம்பகமான வழி. இரண்டு பக்கங்களும் மாறுபட்டால், வெளிர்ந்த தகட்டை மட்டும் இறக்கி, அடர்ந்ததைக் கையில் ஈரமாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டே ஏற்றுங்கள். ஈரமான தகட்டை உலர்ந்த தகட்டோடு ஒப்பிட்டால் மீண்டும் பிசகும்.

நிறம் அதிகமாகிவிட்டால், துணிச் சாயத்தை நீக்கப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் சூடான நீரில் ஓரளவு வெளுக்கச் செய்யும். அதன் நெடி கடுமையானது, சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். பழைய நிறம் முழுமையாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சைத் தொடவே தொடாதீர்கள். அது சாயத்தை மட்டுமல்லாமல் நைலானையும் சிதைத்துக் கைப்பிடியை நொறுங்கும்படி செய்துவிடும்.

சில மாதங்கள் கழித்துக் கிளிப்பின் அடியிலும் கைப்பிடியின் மூலைகளிலும் வெளிறிய கோடுகள் தெரியத் தொடங்கலாம். உராய்வில் சாயமேறிய மெல்லிய அடுக்கு தேய்ந்து, அடியிலுள்ள நிறமும் கண்ணாடி இழையும் வெளிப்படுவதே காரணம். அப்போது இதே வரிசையில் பத்து நிமிடச் சாயம் போதும். அதற்காகச் சாய நீரை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். வேண்டாமென்றால் சமையல் சோடா தூவி அமிலத்தைத் தணித்து, நிறைய நீரோடு கலந்து கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள், செடித் தொட்டியிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.